சினிமா அடி நிஜத்தில் விழுமா?

சென்ற ஆகஸ்டு மாதம் ஒரு நாள் மதிய உணவு இடைவேளையில், ஏழாம் வகுப்புத் தங்கைகள் வேப்ப மரத்தடியில் 'வர்மக்கலை' விளையாடிக்கொண்டிருந்தனர். ஒருத்தி 'இந்தியன் தாத்தா'வாகி, இரண்டு விரல்களால் தோழியின் கழுத்தோரத்தை அழுத்தினாள். தோழி முதலில் சிரித்தாள். பிறகு கண்கள் செருக, துணி மூட்டை போலச் சரிந்தாள். சிஸ்டர் ஓடி வந்து அவளை மல்லாக்கப் படுக்க வைத்துக் கால்களை உயர்த்தியதும், ஒரு நிமிடத்திற்குள் கண் விழித்துவிட்டாள். அன்று அதிகம் அழுதவள் அழுத்தியவள்தான். "சினிமாவில வர்றது எல்லாம் பொய்யின்னு நீங்கதானே சொன்னீங்க, அக்கா? அப்புறம் எப்படி விழுந்தா?" என்று எங்களைக் கேட்டாள்.

நியாயமான கேள்வி. பத்தாம் வகுப்பில் இயக்க விதிகளைப் படித்துவரும் நாங்கள் நால்வரும், திரையில் பார்த்த அடிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்து பார்ப்பது என்று முடிவு செய்தோம்.

முதலில் குத்து. 2010இல் வெளிவந்த 'எந்திரன்' படத்தில் சிட்டி என்னும் ரோபோ ரயிலுக்குள் அடியாட்களைப் பந்தாடுகிறது. ரோபோ இல்லாத படங்களிலும் நாயகன் ஒரு குத்து விட்டால் வில்லன் பறக்கிறான். 70 கிலோ எடையுள்ள ஒருவன் வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் பறப்பதாகக் கொள்வோம். அவனுடைய உந்தம் 700. நியூட்டனின் மூன்றாம் விதிப்படி, அதே அளவு உந்தம் எதிர்த்திசையில் குத்தியவனுக்கும் கிடைத்தாக வேண்டும். நாயகனும் 70 கிலோ என்றால், வில்லன் ஒரு சுவரில் மோதும்போது நாயகன் எதிர்ச்சுவரில் மோதுவான்! அப்படி ஒரு காட்சியை எந்த இயக்குநரும் எடுத்ததாக எங்களுக்கு நினைவில்லை.

"தரை அவனைத் தாங்காதா?" என்று எங்களுள் ஒருத்தி கேட்டாள். தாங்கும்; ஆனால் உராய்வு விசை தரும் அளவுக்குத்தான். 70 கிலோ மனிதனின் காலுக்குத் தரை தரும் உராய்வு, மிஞ்சிப்போனால் 600 நியூட்டன். ஒரு குத்து நீடிப்பது வினாடியில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்தாலும், கிடைக்கும் உந்தம் 60தான். அதை வாங்கிய வில்லன் வினாடிக்கு ஒரு மீட்டர் வேகம்கூடப் பெறமாட்டான். ஓரடி தள்ளாடி நிற்பான். நாயகன் ஓடி வந்து மோதினால் இன்னும் கொஞ்சம் கூடும், அவ்வளவே. மூக்கு உடையலாம், பல் போகலாம். பறக்க மட்டும் முடியாது.

சிட்டி மனிதன் அல்லவே என்பீர்கள். உண்மைதான். பின்னுதைப்பைத் தாங்குவதற்கு வழி எடை. இதற்குச் சான்று தேடி நாங்கள் வெகுதூரம் போகவேண்டியதில்லை. வெள்ளானூருக்கு அருகிலேயே ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை இருக்கிறது. 1965ஆம் ஆண்டின் இறுதியில் முதல் 'விஜயந்தா' டாங்கி அங்கிருந்துதான் வெளிவந்தது. பிறகு அங்கே தயாரான 'அஜேயா' டாங்கியின் எடை ஏறத்தாழ 41 டன். அதன் பீரங்கி சுமார் 7 கிலோ குண்டை வினாடிக்கு ஏறக்குறைய 1,700 மீட்டர் வேகத்தில் எறிய வல்லது. அதாவது, குண்டின் உந்தம் மட்டுமே ஏறத்தாழ 12,000. அதை 41,000 கிலோவால் வகுத்தால், டாங்கிக்கு வரும் பின்வேகம் வினாடிக்கு 30 சென்டிமீட்டர் அளவுதான். பீரங்கிக் குழாய் பின்னுக்குச் சரிந்து அந்த உதைப்பைச் சற்று நேரத்துக்குப் பரப்பியும் விடுகிறது. கிரிக்கெட்டில் பந்து பிடிப்பவர் கையைப் பின்னிழுப்பதும் இதே தந்திரம்தான். ஆகவே சிட்டி டாங்கியைப் போல் கனத்தால் குத்து செல்லும். ஆனால் மின்சார ரயில் பெட்டியின் தளம் அதைத் தாங்குமா என்பது வேறு கணக்கு.

அடுத்து, சிட்டி காந்தமாகி ஆயுதங்களை இழுக்கும் வித்தை. பலமான காந்தம் இரும்பை இழுப்பது பொய்யன்று. 2018 ஜனவரியில் மும்பை மருத்துவமனை ஒன்றில், எம்.ஆர்.ஐ. இயந்திரம் ஆக்சிஜன் உருளையை உள்ளே இழுத்துக்கொண்டதில் ஓர் இளைஞர் உயிரிழந்தார். ஆனால் அந்த இயந்திரம் பல டன் எடை உள்ளது. அதன் கம்பிச் சுருள் பூஜ்யத்துக்குக் கீழே 269 டிகிரி குளிரில் திரவ ஹீலியத்தில் இருப்பது. ரயிலில் சிட்டி காந்தமானால், தூரத்து அரிவாள் வருவதற்கு முன் காலடியில் உள்ள இரும்புச் சக்கரங்களே அவனைப் பிடித்துக்கொள்ளும்.

மூன்றாவது 'நோக்கு வர்மம்'. 2011இல் வந்த '7ஆம் அறிவு' படத்தில் டோங் லீ என்பவன் ஒரு பார்வை பார்த்தால், வழிப்போக்கர்கள் அவனுடைய அடியாட்களாகி விடுவர். (எங்கள் வகுப்பில் ஒருத்தி கணக்கு டீச்சரை இப்படிப் பார்த்துப் பார்த்தே தேர்வைத் தள்ளிவைக்க முயன்றாள். "கண்ணில் என்னம்மா, தூசியா?" என்று டீச்சர் கேட்டதுதான் மிச்சம்.) இதற்கு விடை சொன்னவர் நம் நாட்டுக் குருவானவர் ஒருவர் என்பது எங்களுக்குப் புதுச் செய்தி. 1756இல் கோவாவின் கண்டோலிமில் பிறந்த அருட்தந்தை ஃபரியா, 1813இல் பாரிஸ் நகரில் மக்கள் முன்னிலையில் பலரை அறிதுயிலில் ஆழ்த்திக் காட்டினார். அதற்கு முன் மெஸ்மர் என்ற மருத்துவர், துயில வைப்பவரின் உடலிலிருந்து ஒருவகைக் காந்த சக்தி பாய்கிறது என்று சொல்லியிருந்தார். ஃபரியா அதை மறுத்தார். சக்தி பார்ப்பவர் கண்ணில் இல்லை. பார்க்கப்படுபவரின் நம்பிக்கையிலும் இசைவிலுமே இருக்கிறது என்றார். அவருடைய சிலை இன்றும் பணஜியில் நிற்கிறது. இசையாதவரைத் தெருவில் பார்த்த பார்வையிலேயே ஏவலாளாக்க யாராலும் ஆகாது.

இனி தங்கையின் கேள்வி. கழுத்தின் இருபுறமும் மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் தமனிகள் உள்ளன. அவை பிரியும் இடத்தில், இரத்த அழுத்தத்தை அறியும் நரம்பு முனைகள் இருக்கின்றன. அங்கே விரலால் அழுத்தினால், அழுத்தம் மிகுந்துவிட்டது என்று அவை ஏமாந்து, இதயத்தின் வேகத்தைக் குறைக்கச் சொல்லும், மூளைக்கு இரத்தம் குறையும், மயக்கம் வரும். சிலருக்கு உயிருக்கே ஆபத்தாகலாம். பறக்க வைக்கும் குத்தும், காந்தமும், பார்வையும் முழுப் பொய்கள். இதுவோ பாதி மெய். ஆசான்களிடம் ஆண்டுக்கணக்கில் கற்பவர்கள் அறிந்த வர்ம இடங்களை, நாம் ஒரு படம் பார்த்துத் தொடுவது கத்தியைப் பொம்மை என்று எடுப்பது போன்றது.

"அப்ப நம்மால ஆகிற அடி ஒண்ணுமே இல்லையா?" என்றாள் அவள். கூட்டமான பஸ்ஸில் ஆவடிக்குப் போய்வரும் எங்களுக்கும் அந்தக் கேள்வி உண்டு. உடற்பயிற்சி ஆசிரியை ஒன்று காட்டினார். ஒருவர் நம் மணிக்கட்டைப் பிடித்தால், ஒருபுறம் நான்கு விரல்கள், மறுபுறம் கட்டை விரல் ஒன்றே. நான்கோடு போராடாமல், மணிக்கட்டின் ஒடுங்கிய பக்கத்தைக் கட்டை விரல் இடைவெளிக்குத் திருப்பி, முழங்கையை மடக்கி உடலோடு ஒட்டி, தோளை நோக்கி வெடுக்கென்று இழுக்க வேண்டும். உடனே கூச்சலிட்டு ஓட வேண்டும். முன்னங்கையே நெம்புகோல், திருப்பு விசையை எதிர்த்து நிற்பது ஒரே ஒரு விரல். எங்களுள் மிகப் பெரியவள் 62 கிலோ. தங்கை 36 கிலோ. முதல் இரண்டு தடவை கை வரவில்லை. மூன்றாம் தடவை வளையல் ஒன்று உடைய, கை வந்துவிட்டது.

மறுநாள் வேப்ப மரத்தடியில் யாரும் கழுத்தைத் தொடவில்லை. இருவர் இருவராக நின்று மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.