இரும்பின் எந்த முகம்?

2025 செப்டம்பரில் தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்தில் பசுமை ஹைட்ரஜன் முன்னோடி ஆலை ஒன்று இயங்கத் தொடங்கியது. மணிக்கு 10 கன மீட்டர் ஹைட்ரஜன் தரும் சிறிய ஆலைதான். துறைமுகக் குடியிருப்பின் தெருவிளக்குகள் அதனால் எரிகின்றன. ஆனால் ஹைட்ரஜனுக்கு இந்த ஊரில் அதைவிடப் பெரிய வேலை 1970களிலிருந்தே உண்டு. ஸ்பிக் உர ஆலையில் அது நைட்ரஜனோடு கூடி அம்மோனியாவாகிறது. அம்மோனியாவிலிருந்து யூரியா பிறக்கிறது.

ஹைட்ரஜனும் நைட்ரஜனும் லேசில் கூடுவதில்லை. நைட்ரஜன் மூலக்கூறின் இரு அணுக்களும் முப்பிணைப்பில் இறுகிக் கிடக்கின்றன. அவற்றைப் பிரிக்க, உலகெங்கும் அம்மோனியா ஆலைகள் பெரும்பாலும் இரும்பையே வினையூக்கியாக நம்புகின்றன. அதற்கும் 400 டிகிரி வெப்பமும் நூறு மடங்குக்கு மேற்பட்ட காற்றழுத்தமும் வேண்டும்.

இரும்பிலும் எந்த முகம் என்பதுதான் கேள்வி. படிகத்தின் ஒரு முகத்தில் அணுக்கள் நெருக்கியடித்து நிற்கும். இன்னொரு முகத்தில் இடைவெளி விட்டு நிற்பதால் அடியிலுள்ள அணுக்களும் வெளியே தெரியும். 1980களில் கலிபோர்னியாவில் காபோர் சோமோர்ஜாய் குழு இரண்டையும் அளந்து பார்த்தது. திறந்த முகம் 400 மடங்குக்கும் மேல் வேகமாக அம்மோனியா தந்தது. அதே தனிமம், அதே வெப்பம், அதே அழுத்தம்! இந்த மேற்பரப்பு வினைகளைப் படிப்படியாகத் துலக்கிய கெர்ஹார்ட் எர்ட்ல் 2007இல் நோபல் பரிசு பெற்றார்.

முகத்தை மட்டுமல்ல, அணுக்களின் அடுக்கையே மாற்ற முடியும். அம்மோனியாவுக்கு இரும்பைவிடக் குறைந்த அழுத்தத்தில் உதவும் உலோகம் ருத்தேனியம். அதன் ஒவ்வொரு தளத்திலும் அணுக்கள் இடைப்புள்ளிக் கோலம் போல அமர்கின்றன. அடுத்த தளம் அவற்றின் பள்ளங்களில் உட்கார்கிறது. இயல்பாக மூன்றாம் தளம் முதல் தளத்துக்கு நேர் மேலே வரும். 2013இல் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் ஹிரோஷி கிட்டகாவா குழு, தொடக்கத்தில் எடுக்கும் ருத்தேனியச் சேர்மத்தை மாற்றியே அந்த மூன்றாம் தளத்தை வேறு பள்ளங்களில் உட்கார வைத்தது. இப்படிப் பிறந்த நானோ துகள்கள், 3 நானோமீட்டரைத் தாண்டிய அளவில், வேறொரு வினையில், அதாவது கார்பன் மோனாக்சைடை ஆக்சிஜனேற்றுவதில், பழைய அடுக்கை விஞ்சின.

ருத்தேனியம் விலை கூடியது. துகளின் உள்ளே புதைந்த அணுவால் பயனில்லை. அதனால்தான் துகளை இவ்வளவு சிறிதாக்குகிறார்கள்.

வெயிலும் காற்றும் தரும் மின்சாரம் ஏறி இறங்கும். அந்த மின்சாரத்தால் கிடைக்கும் பசுமை ஹைட்ரஜனும் அப்படியே. அதை அம்மோனியாவாக்க, குறைந்த வெப்பத்திலும் அழுத்தத்திலும் உழைக்கும் வினையூக்கிகள் தேவை. தூத்துக்குடிக் கல்லூரிகளில் வேதியியல் படிக்கும் பிள்ளைகள் இந்த ஆய்வுக்கு வர வேண்டும். ஹைட்ரஜனும் உர ஆலையும் அவர்கள் ஊரிலேயே இருக்கின்றன.