தங்கமீனுக்கும் ஒரு கிள்ளு கீரை

“அம்மா, மீன் தலைகீழா மிதக்குது!” என்று என் கடைக்குட்டி அலறியபோது அடுப்பில் ரசம் நுரை கட்டிக்கொண்டிருந்தது. இறக்கி வைத்துவிட்டு ஓடினேன். இரண்டு தங்கமீன்களில் ஒன்று முந்தின வாரமே போய்விட்டது. மிச்சமிருந்த குண்டு மீன் வயிறு மேலாக மிதந்தது. செவுள் மட்டும் அசைந்தது.

விசாரித்தால், கடையில் கொடுத்த உருண்டைத் தீவனத்தை அவள் பாசத்தில் நாளைக்கு ஐந்து வேளை போட்டிருக்கிறாள். “அது வாயைத் திறந்து திறந்து கேட்டுச்சும்மா!”

கேட்கத்தான் செய்யும். தங்கமீன் கெண்டை வகையைச் சேர்ந்தது. நமக்கிருப்பது போல இரைப்பை அதற்குக் கிடையாது. தின்றது நேரே குடலுக்குப் போகிறது. அதனால் எந்நேரமும் மேய்ந்துகொண்டே இருக்கும். பல் கூட வாயில் இல்லை, தொண்டைக்குள் இருக்கிறது. வால் விரிந்த குண்டு ரகங்களுக்கு உடம்பு குட்டை, குடல் நெருக்கிக் கிடக்கும். காய்ந்த தீவனம் உள்ளே ஊறி உப்பினால் பக்கத்திலுள்ள காற்றுப்பை அமுங்கி, மீன் நிலை தடுமாறிவிடுகிறது.

அடுத்த குவார்ட்டர்ஸ் அக்காதான் வழி சொன்னார். “ரெண்டு நாள் பட்டினி போடு. அப்புறம் பட்டாணி குடு.” மீனுக்குப் பட்டாணியா என்று சிரித்தேன். ஆனாலும் மூன்றாம் நாள் ஒரே ஒரு பட்டாணியை உப்பில்லாமல் வேகவைத்து, தோலுரித்து, நசுக்கிப் போட்டேன். மறுநாள் கழிவு வெளியேறி, சாயங்காலம் மீன் நிமிர்ந்து நீந்தியது. எல்லா மீனுக்கும் பலிக்கும் என்று சொல்லமாட்டேன். நோய்க்கிருமியால் வந்ததென்றால் பட்டாணி என்ன செய்யும்?

அன்றிலிருந்து வாரத்தில் இரண்டு மூன்று நாள் எங்கள் மீனுக்குக் காய்கறிச் சாப்பாடு. பச்சைப்பயறை ஓர் இரவு ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டி வைப்பேன். சமவெளியில் ஒரு நாளில் முளைப்பது எங்கள் அருவங்காட்டுக் குளிரில் இரண்டு மூன்று நாள் எடுக்கும். அடுப்பு மேடை ஓரமாக வைத்தால் சீக்கிரம் வரும். தினமும் அலசாவிட்டால் நாறிவிடும். முளையை ஒரு கொதி விட்டு, தோல் நீக்கி, நசுக்கி, நாலே நாலு பயறு. மிச்சம் நமக்குச் சுண்டல். “மீனுக்குத் தோலுரிச்சு, எனக்குத் தோலோடயா?” என்று இவர் கேட்கிறார்!

கீரைக்குக் கடைக்குப் போவதில்லை. மலைத் தோட்டங்களில் பூச்சிமருந்து அடிக்கிறார்கள். நாம் கழுவிச் சமைத்துத் தப்பித்தாலும் சின்ன மீன் தாங்காது. பின்கட்டில் பழைய பக்கெட் இரண்டில் லெட்டூஸும் கொத்தமல்லியும் போட்டிருக்கிறேன். இந்தச் சீதோஷ்ணத்துக்கு லெட்டூஸ் தானாக வளரும். இலையை வெந்நீரில் முக்கி எடுத்து, ஆறவைத்து, துணிக் கிளிப்பால் தொட்டி ஓரத்தில் மாட்டிவிட்டால் மீன் கடித்துக் கடித்துத் தின்கிற அழகே அழகு. ஒன்றிரண்டு மணி நேரத்தில் மிச்சத்தை எடுத்துவிட வேண்டும். அழுகினால் அமோனியா சேர்ந்து தண்ணீர் விஷமாகும். வாரம் ஒருமுறை கால்பங்கு தண்ணீர் மாற்றுகிறேன். குழாய்த் தண்ணீரை ஒரு நாள் திறந்து வைத்து, குளோரின் போனபிறகே ஊற்றுவேன்.

கீரையே போதும் என்று தீவனத்தை அடியோடு நிறுத்திவிடாதீர்கள், சகோதரிகளே. தங்கமீனுக்குப் புரதமும் வேண்டும். தீவனத்தைக் கொஞ்சநேரம் நனைத்து, இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கிற அளவே போடுங்கள்.

மார்கழி, தை மாதங்களில் இங்கே புல்லெல்லாம் உறைபனி. தங்கமீன் குளிருக்குப் பயப்படாது, ஆனால் ஜீரணம் மந்தமாகிவிடும். தண்ணீர் 10 டிகிரிக்குக் கீழே போனால் நான் எதுவுமே போடுவதில்லை. அடியில் அசையாமல் கிடக்கும். “பாவம்மா, குளுருதே!” என்று குழந்தை கெஞ்சினாலும் தொட்டியை அடுப்புப் பக்கம் நகர்த்தவோ வெந்நீர் கலக்கவோ கூடாது. சூடு சட்டென்று மாறினால்தான் மீனுக்கு ஆபத்து.