பேதியோடு ஜுரமும் வந்தால்

மழை விழுந்து குளங்களிலும் கிணறுகளிலும் புதுநீர் சேரும் நாட்களில், பேதியும் ஜுரமும் ஒருங்கே வருவது நம் அங்கத்தினர் இல்லங்களில் புதிதன்று. உடம்பு கொதிப்பதைக் கண்ட வீட்டார் ஜுரத்தைப் பற்றியே கவலை கொள்கின்றனர். பெரும்பாலும் உயிருக்கு ஊறு செய்வது ஜுரமன்று. உடலினின்று வெளியேறும் நீரும் உப்புமே. ஜுரம் அவ்விழப்பை மேலும் மிகுவிக்கிறது.

ஆயினும், "லங்கணம் பரம ஔஷதம்" என்று கூறி, நோயாளிக்குத் தண்ணீரும் கொடாது பட்டினி போடும் வழக்கம் இன்னும் சில வீடுகளில் உண்டு. அஜீரணத்துக்கு அம்முறை ஒருவேளை ஏற்கும். பேதிக்கு ஏலாது, குழந்தைகளுக்கோ அபாயமே.

1971-ஆம் ஆண்டு வங்காளதேசப் போரின்போது, மேற்கு வங்காளத்துப் போங்காவ் அகதிகளிடையே காலரா பரவிற்று. நரம்பில் ஏற்றும் நீர் தீர்ந்துகொண்டிருந்தது. டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பும் குளுகோஸும் சோடா உப்பும் கலந்த நீரைப் பீப்பாய்களில் நிரப்பி, உறவினர்களைக் கொண்டே நோயாளிகளைக் குடிக்கச் செய்தார். நூற்றுக்கு 30 வரை சென்ற மரணம் 4-க்கும் கீழே இறங்கியது. காலராவில் ஜுரம் அபூர்வம். எனினும் நீரிழப்புக்குப் பரிகாரம் எல்லாப் பேதிக்கும் ஒன்றே. பேதியின்போது வெறும் உப்புநீரைக் குடல் சரிவர ஏற்பதில்லை. சிறிது சர்க்கரை சேர்ந்தால், அது உப்பைத் தன்னுடன் உட்கொண்டு செல்ல, நீரும் பின்தொடர்கிறது.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் முழுவதையும், அதில் குறித்த அளவு கொதித்தாறிய நீரில் ஒரே தடவையில் கரைக்க வேண்டும். அது கைவசமில்லையேல், 1 லிட்டர் நீருக்குத் தேக்கரண்டியால் தலைதட்டிச் சர்க்கரை 6, உப்பு அரை. கைப்பிடிக் கணக்கு உதவாது. சர்க்கரை மிகுந்தால் பேதி கூடும். உப்பு மிகுந்தால் குழந்தைக்குக் கேடு. பாவுக்கு இழை எண்ணுவோருக்கும் விதைக்கு அளவு பார்ப்போருக்கும் இதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. கரைத்த நீரை 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கலாகாது. வாந்தி எடுத்தால் 10 நிமிஷம் பொறுத்து, கரண்டி கரண்டியாகப் புகட்டலாம். உப்பிட்ட கஞ்சி, மோர், இட்லி தரலாம். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது.

ஜுரத்துக்கு வயதுக்கும் எடைக்கும் ஏற்ற பாரசிட்டமால் போதும், ஆஸ்பிரின் வேண்டா. அண்டை வீட்டில் மிஞ்சிய மாத்திரைகளும் வேண்டா. ஜுரமோ மலத்தில் இரத்தமோ உள்ளபோது பேதியைக் கட்டும் மருந்தை விழுங்குவது, திருடனை உள்ளே வைத்துக் கதவடைப்பது போலாகும்.

மலத்தில் இரத்தம், 102 டிகிரிக்கு மேற்பட்ட ஜுரம், 6 மணி நேரம் சிறுநீர் இறங்காமை, குழிந்த கண்கள், கிள்ளிய தோல் மெதுவாகவே படிதல், குடிக்க இயலாத சோர்வு, இவற்றில் ஒன்று காணினும் உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்க. வழியிலும் நீர் புகட்டுக. மூன்று நாட்களாகத் தணியாத ஜுரம் டைபாய்டாகவும் இருக்கலாம். கைக்குழந்தைக்கு ஜுரமும் பேதியும் சேர்ந்து கண்டால், இக்குறிகளுக்குக் காத்திராது டாக்டரிடம் காட்டுதல் வேண்டும். குழந்தைகளுக்கு அங்கே கொடுக்கும் துத்தநாக மாத்திரையைப் பேதி நின்ற பின்னும் 14 நாள் முடியத் தர வேண்டும்.