தண்டுவடத்தை நெருக்கும் நீர்க்கட்டி

செருப்பு காலைவிட்டு நழுவியதே தெரியாமல் நாலடி நடந்துவிடுவது. படியேறினால் கால் விறைத்துக்கொள்வது. இப்படிச் சொன்னதும் பலருக்கு இடுப்பு டிஸ்க்தான் நினைவுக்கு வரும். இடுப்பை ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள். ஆனால் தண்டுவடம் இடுப்பின் அடிவரை இறங்குவதில்லை. சுமார் 45 செ.மீ. நீளமுள்ள அது, பெரியவர்களுக்கு இடுப்பின் முதலிரண்டு முள்ளெலும்புகளின் மட்டத்திலேயே முடிந்துவிடுகிறது. கால் விறைப்பதோடு முழங்காலைத் தட்டும்போது அது வழக்கத்தைவிட வேகமாக உதறினால், கோளாறை அதற்கு மேலேதான் தேட வேண்டும்.

தண்டுவடம் நசுங்கப் பெரும்பாலும் எலும்புத் தேய்மானம், காசநோய், புற்றுநோய் போன்றவை காரணமாகின்றன. அபூர்வமாக, வெறும் நீர் நிறைந்த ஒரு பையும் அதைச் செய்துவிடும்.

தண்டுவடத்தைச் சுற்றித் தெளிந்த திரவம் ஓடுகிறது. அதை அடக்கி வைப்பவை அரக்னாய்டு என்ற மெல்லிய சவ்வும், அதற்கு வெளியே டூரா என்ற தடித்த உறையும். டூராவில் பிறவியிலேயோ அடிபட்டோ சிறு துளை இருந்தால், அரக்னாய்டு அதன் வழியே வெளியே பிதுங்கிப் பையாகிவிடும். இருமும்போதும் முக்கும்போதும் திரவம் உள்ளே தள்ளப்படுகிறது. துளையின் வாய் வால்வுபோல மூடிக்கொள்வதால் அதே வேகத்தில் திரும்புவதில்லை. பை ஆண்டுக்கணக்கில் மெல்லப் பெருக்கிறது. இவ்வகைக் கட்டி பெரும்பாலும் நெஞ்சுப் பகுதியில், தண்டுவடத்தின் முதுகுப்புறத்தில் வரும். முதுகெலும்புக் கால்வாய் அங்கேதான் குறுகலானது. வலி சிலநாள் கூடும், சிலநாள் குறையும். அதனாலேயே பலர் மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடுகிறார்கள். சிறுநீர் கழிப்பதில் தடுமாற்றம் தொடங்கிவிட்டால் ஒருநாளும் காத்திருக்கக் கூடாது.

ஸ்கேன் அறிக்கையில் 'டார்லோவ் கட்டி' என்று கண்டு கலங்குவோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அமெரிக்க மருத்துவர் டார்லோவ் 1938-இல் விவரித்த அந்தக் கட்டி, இடுப்புக்கும் கீழே நரம்பு வேர்களில் வருவது. தண்டுவடம் அங்கே இல்லை. பெரும்பாலோருக்கு அதனால் தொல்லையும் இல்லை.

நெஞ்சுப் பகுதிக் கட்டியை எம்.ஆர்.ஐ. தெளிவாகவே காட்டிவிடும். துளை எங்கே என்று கண்டுபிடிப்பதுதான் சிரமம். திரவத்தில் சாயமருந்து செலுத்திப் படமெடுத்து அதைத் தேடுவார்கள். அறுவையில் பையை மட்டும் அகற்றித் துளையை விட்டுவிட்டால் மறுபடி நீர் சேரலாம். ஆகவே துளையைத் தைத்து மூடுவதே முக்கியம். நரம்பு பழுதாகும் முன் இதைச் செய்துவிட்டால் பலர் நன்றாக நடக்கிறார்கள். நெடுநாள் நசுங்கிய தண்டுவடம் முழுதாகத் தேறுவது அரிது.