தீவனம் நறுக்கும் இயந்திரம்: கைக்குச் சேதமின்றி இயக்கும் முறை

இரண்டு கறவை மாடு வைத்திருக்கும் வீட்டில்கூட இன்று மின்சாரத்தில் ஓடும் தீவனம் நறுக்கும் இயந்திரத்தைக் காண முடிகிறது. சாப் கட்டர் என்றும், தட்டு வெட்டும் மிஷின் என்றும் இதனைச் சொல்வர். அரிவாளால் நெடுநேரம் வெட்ட வேண்டிய தீவனத்தை இது சில நிமிடங்களில் நறுக்கித் தள்ளிவிடும். சோளத்தட்டையை முழுதாகப் போட்டால் மாடு இலையைத் தின்றுவிட்டுத் தண்டை ஒதுக்கும். காலில் போட்டு மிதித்தும் வீணாக்கும். ஒன்று முதல் இரண்டு அங்குல நீளத்தில் நறுக்கிப் போட்டால் இலையும் தண்டும் கலந்தே உள்ளே போகும். கழிவு குறையும்.

ஆனால் பசுந்தட்டைக்கும் விரலுக்கும் இந்த இயந்திரம் வித்தியாசம் பாராது. ஒரு நொடி கவனக்குறைவால் ஆயுள் முழுவதும் கை ஊனமாகிவிடும். எனவே இதனை வைத்திருப்போர் மட்டுமின்றி, வீட்டில் இதனை இயக்கும் பெண்களும் பிள்ளைகளும் சில விஷயங்களைத் தெரிந்துகொள்வது அவசியம்.

வேலை செய்யும் விதம்

தீவனம் வைக்கும் தொட்டியின் முடிவில், பற்கள் உள்ள இரண்டு உருளைகள் ஒன்றன்மேல் ஒன்றாக உள்ளன. மேல் உருளையை ஸ்பிரிங் அழுத்திக்கொண்டிருக்கும். இவை எதிரெதிராகச் சுழன்று தீவனத்தை உள்ளே இழுக்கின்றன. உருளைகளுக்கு அப்பால் கனமான பெரிய சக்கரம் ஒன்று சுற்றுகிறது. அதில் போல்ட் கொண்டு பொருத்தப்பட்டுள்ள கத்திகள், வாயில் உள்ள எஃகுத் தகட்டை ஒட்டிச் சென்று, வெளியே வரும் தீவனத்தை நறுக்குகின்றன.

விரலை வெட்டுவது கத்தி. ஆனால் விரலைக் கத்தியிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது உருளைகள். உருளை ஒருமுறை பிடித்துவிட்டால் கையை இழுத்துக்கொள்ள நேரம் இராது. ஆகவே கத்தியைக் கண்டு பயப்படுவதைவிட உருளையின் வாயைக் கண்டு பயப்படுவதே அறிவுடைமை.

சுவிட்சை அணைத்த பின்னும் ஆபத்து

பெரிய சக்கரம் கனமாக இருப்பதால், சுவிட்சை அணைத்த பின்னும் அது சற்று நேரம் சுற்றிக்கொண்டே இருக்கும். உருளைகளும் அத்துடன் சுழலும். மோட்டாரின் சத்தம் நின்றதும் இயந்திரம் நின்றுவிட்டதாக எண்ணிக் கையை விடுவது பெருந்தவறு.

வாயில் தீவனம் அடைத்துக்கொண்டால் செய்ய வேண்டியவை மூன்று. முதலில் சுவிட்சை அணைக்க வேண்டும். அடுத்து பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். மூன்றாவதாக, பெரிய சக்கரம் முழுவதும் நின்றதைக் கண்ணால் பார்க்க வேண்டும். இம்மூன்றும் முடிந்த பிறகே வாயருகே செல்ல வேண்டும்.

பின்னோக்கிச் சுழற்றும் கைப்பிடி உள்ள இயந்திரத்தில், அடைப்பு ஏற்பட்டவுடன் அதைப் பயன்படுத்தித் தீவனத்தை வெளியே தள்ளலாம். அது இல்லாத இயந்திரத்தில் மேற்சொன்ன மூன்றையும் செய்தபின், சக்கரத்தைக் கையால் பின்புறமாகச் சுற்றித் தீவனத்தை வெளியேற்றலாம். அப்போது மற்றொருவர் வாயில் கை வைத்திருக்கக் கூடாது. உருளைகளும் சக்கரமும் பல்சக்கரங்களால் இணைக்கப்பட்டுள்ளன. தீவனத்தைப் பலமாக இழுத்தால்கூடச் சக்கரம் அசைந்து கத்தி நகரக்கூடும். ஆகவே உள்ளே கை விட்டு எடுக்க வேண்டியிருந்தால், சக்கரம் அசையாதபடி மரக்கட்டை ஒன்றை அண்டை கொடுத்துவிட வேண்டும். வேலை முடிந்ததும் கட்டையை மறவாமல் எடுத்துவிட வேண்டும்.

மின்சாரம் போனால்

தீவனம் வெட்டிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் நின்றுபோவது உண்டு. பாதி வெட்டிய தட்டை வாயிலேயே நின்றுவிடும். "கரண்ட்தான் இல்லையே" என்று அதை இழுத்தெடுக்க முயலும்போது திடீரென மின்சாரம் திரும்பினால் இயந்திரம் எவ்வித எச்சரிக்கையும் இன்றி ஓடத் தொடங்கும். எனவே மின்சாரம் போன உடனே முதல் வேலையாகச் சுவிட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். மின்சாரம் திரும்பினாலும் மறுபடி பொத்தானை அழுத்தினால்தான் ஓடும் வகையிலான ஸ்டார்ட்டரைப் பொருத்திக்கொள்வது நல்லது. மின்சாரம் வந்ததும் தானே ஓட்டிவிடும் ஆட்டோ ஸ்டார்ட்டர் கிணற்று மோட்டாருக்கு உதவலாம். தீவனம் நறுக்கும் இயந்திரத்துக்கு அறவே கூடாது.

அடைப்பு ஏற்படாமல் தடுத்தல்

அடைப்பே ஏற்படாவிட்டால் கையை உள்ளே விட வேண்டிய தேவை பெரும்பாலும் எழாது. அடைப்புக்கு முக்கிய காரணங்கள் மழுங்கிய கத்தி, அளவுக்கு மீறித் திணித்தல், முற்றிய தண்டு ஆகியவையே.

கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லை நட்ட 75 முதல் 80 நாட்களில் முதல் அறுவடையும், பின்னர் 45 நாட்களுக்கு ஒருமுறை மறு அறுவடையும் செய்ய வேண்டும். நாள் கடந்து முற்றிவிட்டால் தண்டு மரம்போல் ஆகிவிடும். சத்து குறைவதோடு இயந்திரமும் திணறும். அத்தகைய தண்டைச் சிறிது சிறிதாகவே கொடுக்க வேண்டும். மழையில் நனைந்து சுருண்ட வைக்கோல் உருளையில் சுற்றிக்கொள்ளும். அதனை உதறி, தட்டையோடு கலந்து கொடுப்பது நலம்.

கட்டை அவிழ்க்காமல் அப்படியே கொடுக்கக் கூடாது. கயிறு, கம்பி, ஆணி, கல், வேரில் ஒட்டிய மண் ஆகியவற்றை நீக்க வேண்டும். கம்பித் துண்டு கத்தியை மட்டும் கெடுப்பதில்லை. நறுக்கிய தீவனத்தோடு மாட்டின் வயிற்றுக்குள் போனால் அது இரண்டாம் வயிற்றைக் குத்தி, இதயம்வரை சென்று மாட்டையே கொன்றுவிடக்கூடும்.

இயக்கும்போது கவனிக்க வேண்டியவை

இயந்திரத்தைச் சமதளமான, வழுக்காத தரையில் போல்ட் போட்டு நிறுத்த வேண்டும். இயக்குபவர் தொட்டியின் பக்கவாட்டில் நிற்க வேண்டும். நறுக்கிய தீவனம் வந்து விழும் பக்கத்தில் யாரும் நிற்கக் கூடாது. இருட்டில் வேலை செய்ய நேர்ந்தால் வாய் நன்றாகத் தெரியும்படி விளக்கு வைத்துக்கொள்ள வேண்டும்.

தோள் துண்டு, தொங்கும் முந்தானை, தளர்ந்த கைச்சட்டை, விரிந்த கூந்தல் ஆகியவை உருளையிலோ பெல்ட்டிலோ சிக்கக்கூடும். முந்தானையை இடுப்பில் இறுகச் செருகிக்கொள்ள வேண்டும். வளையலையும் மோதிரத்தையும் கழற்றிவிடுவது நல்லது. பாதுகாப்புக்கென்று கையுறை அணிவதும் தவறே. உருளையின் பல் கையுறையைப் பிடித்தால் கையையும் சேர்த்து இழுத்துவிடும்.

கடைசியாக மிஞ்சும் குட்டைத் துண்டுகளைக் கையால் தள்ளக் கூடாது. அடுத்த பிடி தட்டையைக் கொண்டு தள்ள வேண்டும். அல்லது மரக்குச்சியால் தள்ள வேண்டும். இதற்கென இரண்டு முழக் குச்சி ஒன்றை இயந்திரத்தின் அருகிலேயே கட்டித் தொங்கவிடலாம். குச்சி உருளையில் மாட்டிக்கொண்டால் உடனே கைவிட்டுவிட வேண்டும். போவது குச்சிதானே!

குழந்தைகளை அருகில் விடக் கூடாது. இயந்திரம் ஓடாத நேரத்திலும் சக்கரத்தைச் சுற்றி விளையாடிக் குழந்தைகள் விரலை இழப்பதுண்டு. வேலை முடிந்ததும் சக்கரத்தைச் சங்கிலி போட்டுப் பூட்டிவிடுவது நல்லது.

மின் பாதுகாப்பு

தொழுவத்தில் தரை ஈரமாகவே இருக்கும். எர்த் இணைப்புடன் கூடிய மூன்று முனைப் பிளக்கையே பயன்படுத்த வேண்டும். 30 மில்லி ஆம்பியர் கசிவில் மின்சாரத்தைத் துண்டிக்கும் மின்கசிவுத் தடுப்பானைப் பொருத்தினால் உயிருக்குப் பாதுகாப்பு. சுவிட்ச் இயக்குபவரின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். மின்னழுத்தம் குறைந்து மோட்டார் சுற்றாமல் உறுமினால் உடனே அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் காயில் எரிந்துபோகும்.

பராமரிப்பு

கத்தி கூர்மையாக இருந்தால் மோட்டாருக்குப் பளு குறைவு, அடைப்பும் குறைவு. நறுக்கிய துண்டு நைந்தும் நார் நாராகவும் வந்தால் கத்தி மழுங்கிவிட்டது என்று அறியலாம். பிளக்கைப் பிடுங்கி, சக்கரத்துக்கு அண்டை கொடுத்து, கத்திகளைக் கழற்றிச் சாணை பிடிக்க வேண்டும். ஏற்கெனவே சரிவு உள்ள பக்கத்தை மட்டுமே, அதே சரிவில் தீட்ட வேண்டும். எல்லாக் கத்திகளையும் ஒரே அளவு தீட்ட வேண்டும். ஒன்றை மட்டும் தேய்த்தால் எடை மாறுபட்டு இயந்திரம் அதிரும். விரிசல் கண்ட கத்தியை ஒட்டவைத்துப் பயன்படுத்தாமல் மாற்றிவிட வேண்டும்.

கத்தியை மீண்டும் பொருத்தும்போது, அது எஃகுத் தகட்டில் உரசாமலும், அதே சமயம் முடிந்தவரை நெருங்கியும் இருக்க வேண்டும். போல்ட்களை இறுக்கியபின் சக்கரத்தைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பார்த்து, எங்கும் இடிக்கவில்லை என்று தெரிந்த பிறகே மின்சாரம் கொடுக்க வேண்டும். ஓடும் இயந்திரத்திலிருந்து கழன்ற கத்தி குண்டுபோல் பாயும். ஆகவே கத்தியின் போல்ட்களை ஒவ்வொரு நாளும் வேலை தொடங்குமுன் சரிபார்க்க வேண்டும்.

தாங்கிகளுக்கும் பல்சக்கரங்களுக்கும் தயாரிப்பாளர் கூறியபடி கிரீஸ், எண்ணெய் இட வேண்டும். பெல்ட், பல்சக்கரம், கத்திச் சக்கரம் ஆகியவற்றின் மேலுள்ள தகர மூடிகளைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டக் கூடாது. வேலை முடிந்ததும் உள்ளே ஒட்டிய பசும்புல்லின் சாற்றையும் தூளையும் துடைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் துருப் பிடிக்கும்.

வாங்கும்போது

கையை முழுவதும் நீட்டினாலும் உருளையைத் தொட முடியாத அளவுக்குத் தொட்டி நீளமாகவும், உருளைக்கு அருகே மேலே மூடியும் இருக்க வேண்டும். மின்சாரத்தில் ஓடும் இவ்வகை இயந்திரத்தின் பாதுகாப்புக்கென ஐ.எஸ். 15542 என்ற இந்தியத் தரநிர்ணயம் 2005-ல் வெளியிடப்பட்டுள்ளது. அதன்படி செய்யப்பட்டதா என்று விற்பவரிடம் கேட்டு வாங்க வேண்டும். வட இந்தியக் கிராமங்களில் இவ்விபத்துகளை ஆராய்ந்த டில்லி ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள், கை உருளையை நெருங்குவதை முன்கூட்டியே உணர்த்தும் எச்சரிக்கை உருளை, கத்திக்கு மறைப்பு, சக்கரத்துக்குப் பூட்டு ஆகிய எளிய மாற்றங்களை உருவாக்கினர். பழைய இயந்திரம் வைத்திருப்போரும் மறைப்பையும் பூட்டையும் உள்ளூர்ப் பட்டறையில் சொற்பச் செலவில் செய்துகொள்ளலாம்.

விபத்து நேர்ந்துவிட்டால்

கை உருளையில் சிக்கினால் முதலில் மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். கையை இழுக்கக் கூடாது. ஸ்பிரிங் போல்ட்களைத் தளர்த்தி, மேல் உருளையைத் தூக்கிக் கையை விடுவிக்க வேண்டும்.

காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தி வைக்க வேண்டும். காப்பித்தூள், மஞ்சள், சுண்ணாம்பு எதையும் அப்பக் கூடாது. விரல் துண்டாகியிருந்தால் அதனைத் தேடி எடுத்து, சுத்தமான நீரில் லேசாக அலசி, ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் இட்டு இறுகக் கட்ட வேண்டும். அந்தப் பையை ஐஸ் போட்ட நீரில் வைத்து எடுத்துச் செல்ல வேண்டும். விரல் நேரடியாக ஐஸிலோ நீரிலோ படக் கூடாது. அறுவை சிகிச்சை தேவைப்படலாம் என்பதால் காயம்பட்டவருக்கு உணவோ காப்பியோ கொடுக்கக் கூடாது.

108 ஆம்புலன்ஸை அழைத்து, துண்டான விரல் கையில் இருப்பதையும் சொல்லி, அறுந்த விரலை ஒட்டவைக்கும் வசதியுள்ள மருத்துவமனைக்கு விரைந்து செல்ல வேண்டும். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கை அறுவை சிகிச்சைக்கெனத் தனிப் பிரிவே உள்ளது. எவ்வளவு சீக்கிரம் சேர்க்கிறோமோ அவ்வளவுக்கு விரல் பிழைக்க வாய்ப்பு உண்டு.

பிளக்கைப் பிடுங்கிச் சக்கரம் நிற்கும்வரை காத்திருக்கப் பிடிப்பது சிறிது நேரமே. மாடு அதுவரை பொறுத்துக்கொள்ளும். பால் கறக்க மறுநாளும் பத்து விரல்கள் வேண்டும்.