உப்புக்கு அப்பாலும் ஓர் ஊர்

ஏப்ரல் மாதம் பிறந்தால் திருச்சிக்கு வேதாரண்யம் நினைவுக்கு வந்துவிடும். 1930 ஏப்ரல் 13 அன்று மருத்துவர் தி.சே.சௌ. ராஜனின் திருச்சி இல்லத்திலிருந்து ராஜாஜி தலைமையில் ஏறத்தாழ நூறு தொண்டர்கள் புறப்பட்டனர். 150 மைல் நடந்து 28-ஆம் தேதி வேதாரண்யம் சேர்ந்தனர். 30-ஆம் தேதி உப்பு அள்ளிய ராஜாஜி கைதானார். இவை பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த செய்திகள். நினைவுநாளில் மாலை அணிவிப்போம், உரை நிகழ்த்துவோம். மே மாதம் வந்ததும் அந்த ஊர் மறுபடியும் வரைபடத்தின் ஓரத்துக்குப் போய்விடும்.

திருவரங்கத்தில் வாழும் நானும் நெடுங்காலம் வேதாரண்யத்தை ஒரு நடைப்பயணம் முடிந்த இடமாகவே அறிந்திருந்தேன். சிலமுறை சென்றுவந்த பிறகே அது ஓர் உழவர் ஊர் என்பது புலப்பட்டது. சுற்றியுள்ள ஊர்ப் பெயர்களே அதற்குச் சான்று: கருப்பம்புலம், ஆயக்காரன்புலம், கத்தரிப்புலம், குரவப்புலம், செட்டிப்புலம். புலம் என்றால் விளைநிலம். ஒருபுறம் உப்பளம், மறுபுறம் கடல், இடையில் மணல்மேடு. அந்த மணலில்தான் புகையிலையும் முல்லையும் மாவும் தென்னையும் சவுக்கும் விளைகின்றன.

உப்புக் கரிக்கும் கடலோரத்தில் இது எப்படி இயலுகிறது? கடல் பின்வாங்கியபோது விட்டுச்சென்ற மணல் வரிசைகளின்மீது ஊர் அமைந்திருக்கிறது. வடகிழக்குப் பருவமழை அந்த மணலில் இறங்குகிறது. நன்னீர் உவர்நீரைவிட எடை குறைந்தது. ஆதலால் அடியிலுள்ள உவர்நீரோடு உடனே கலந்துவிடாமல், அதன்மேல் ஒரு மெல்லிய அடுக்காக மிதந்து நிற்கிறது. உழவர்கள் ஆழமில்லாத குட்டைகளைத் தோண்டி, ஊறும் நீரை முகந்து செடிகளுக்கு ஊற்றும் பழக்கம் இதிலிருந்து பிறந்ததே. ஆழமாகத் துளையிட்டு அளவின்றி இறைத்தால் அடியிலுள்ள உவர்நீர் மேலேறிவிடும். பிறகு அந்தக் கிணறு எதற்கும் உதவாது. ஆற்றுநீரை நம்பிப் பழகிய நம் கண்ணுக்குச் சிறு குழியாகத் தெரிவது, உண்மையில் ஒரு நுட்பமான நீர் மேலாண்மை.

திருச்சிக்கும் அவ்வூருக்கும் உள்ள உறவு 1930-இல் தொடங்கியதன்று. தாயுமானவரின் தந்தை கேடிலியப்பப் பிள்ளை வேதாரண்யத்தைச் சேர்ந்தவர்; நாயக்க மன்னரின் அழைப்பை ஏற்றுத் திருச்சி அரண்மனைப் பணிக்கு வந்தவர். மலைக்கோட்டை இறைவனின் பெயரையே மகனுக்குச் சூட்டினார். திருமறைக்காடு என்ற பழம்பெயர் கொண்ட அவ்வூர்க் கோயிலில், வேதங்கள் அடைத்த கதவை அப்பர் பாடித் திறந்ததையும், சம்பந்தர் பாடி அடைத்ததையும் இன்றும் சொல்கிறார்கள். எனக்கு அதைவிடப் பிடித்தது எலியின் கதை. கோயில் விளக்கின் நெய்யைத் தின்னவந்த எலி, தன்னை அறியாமலே திரியைத் தூண்டிவிட, அந்தப் பயனால் மாவலிச் சக்கரவர்த்தியாகப் பிறந்ததாம்.

நடைப்பயண வரலாற்றிலும் ஊர்மக்களின் பங்கை நாம் குறைத்தே பேசுகிறோம். தொண்டர்களுக்கு உணவோ தங்குமிடமோ அளிப்போர் தண்டிக்கப்படுவர் என்று தஞ்சை ஆட்சியர் தார்ன் அறிவித்தார். உடனே சோற்றுப் பொட்டலங்கள் சாலையோர மரக்கிளைகளில் தொங்கின. கட்டியவர் யாரென்று எந்தக் காவலராலும் சொல்ல இயலவில்லை. வேதாரண்யத்தில் தொண்டர்களை வரவேற்ற வேதரத்தினம் பிள்ளை சிறை சென்றதோடு சொத்தையும் இழந்தார். காவலருக்குச் சவரம் செய்ய மறுத்த முடிதிருத்துநர் வைரப்பனும் சிறை சென்றார். வேதரத்தினம் பிள்ளை 1946-இல் பெண் குழந்தைகளுக்காகக் கஸ்தூரிபா காந்தி கன்னியா குருகுலத்தைத் தொடங்கினார். உப்பு அள்ளிய நாளைவிட இதன் பயன் நீண்டது என்பேன்.

2018-ஆம் ஆண்டை நாங்களும் அவர்களும் மறக்க இயலாது. ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பில் கொள்ளிடம் மேலணையின் மதகுகள் ஒன்பது இடிந்து விழுந்தன. காவிரி பெருகி, வெள்ளம் கொள்ளிடம் வழியே கடலுக்கு ஓடிய அந்நாள்களிலும் கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்ற குரல் எழுந்தது. நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரை கடந்தது. தென்னையும் மாவும் சவுக்கும் தோப்பு தோப்பாகச் சாய்ந்தன. சாய்ந்த நெல் அடுத்த பருவத்தில் மீளும். தென்னங்கன்று காய்க்கப் பல ஆண்டுகள் வேண்டும். பாட்டன் வைத்த மாமரம் அவ்வளவு எளிதில் திரும்பாது.

டெல்டா என்றதும் அரசின் சிந்தனை ஜூன் 12 மேட்டூர் திறப்பிலும் வாய்க்கால் தூர்வாரலிலும் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது. தலைஞாயிறு பக்கத்து நெல்வயல்களுக்கு அது இன்றியமையாதது என்பதில் ஐயமில்லை. ஆனால், மணல்மேட்டு உழவருக்கு வாய்க்கால் இல்லை. அவருக்கு வேண்டியவை வேறு: ஆழ்துளைக் கிணறுகளுக்குக் கட்டுப்பாடு, மணல் அள்ளுவதற்குத் தடை, இறால் பண்ணைகளின் உவர்நீர் தோட்டங்களை எட்டாதபடி இடைவெளி, குட்டைகளைச் சீரமைக்க உதவி. மரப்பயிர் இழப்பீட்டை ஒரு பருவ விளைச்சலைக் கொண்டு கணக்கிடாமல், மரம் மீண்டும் காய்க்கும் ஆண்டுகளைக் கொண்டு கணக்கிடுவதே முறை.

சென்றமுறை போயிருந்தபோது ஒரு முல்லைத் தோட்டத்து முதியவர் தம் குட்டையிலிருந்து ஒரு கை நீர் அள்ளிக் குடிக்கச் சொன்னார். இனிப்பாகவே இருந்தது. “ஐயா, நீங்கள் காவிரிக்கரைக்காரர், உங்களுக்கு இது பெரிதாகத் தெரியாது. நாங்கள் கோடைதோறும் நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் செடிக்கு ஊற்றுகிறோம்” என்றார். பல ஆண்டுகள் நின்றுபோயிருந்த திருத்துறைப்பூண்டி - அகஸ்தியம்பள்ளி ரயில் 2023 ஏப்ரலில் அகலப்பாதையில் மீண்டும் ஓடத் தொடங்கிவிட்டது. உப்பு சத்தியாகிரக நினைவுத்தூணைப் பார்க்கச் செல்வோர் அந்தத் தோட்டங்களுக்குள்ளும் சற்று நடந்துவரலாம்.