மூன்றாவது தடம் வந்தால் சாலை பாதுகாப்பாகிவிடுமா?

தெப்ராவிலிருந்து கோலாலம்பூருக்கோ ஈப்போவுக்கோ காரில் போயிருக்கிறீர்களா? கெம்பாஸ் வழியாக வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் ஏறிச் செனாயைத் தாண்டினால், சாலையோரம் செம்மண் மேடுகளும் மண்வாரி இயந்திரங்களும் சிவப்பு வெள்ளைத் தடுப்புகளும் கண்ணில் படும். நான்கு தடச் சாலையை ஆறு தடமாக்கும் வேலை அது. செடெனாக்கிலிருந்து சிம்பாங் ரெங்கம் வரை அகலப்படுத்த 2024ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் 93 கோடியே 10 லட்சம் ரிங்கிட் அறிவிக்கப்பட்டது. இந்த நெடுஞ்சாலை 1994இல் முழுமையாகத் திறக்கப்பட்டது. போக இரண்டு தடம், வர இரண்டு தடம் என்று இந்தப் பகுதி 30 ஆண்டுகளாகத் தாக்குப்பிடித்திருக்கிறது.

“ஒரு தடம் கூடுதலாகப் போடுவதற்கு ஏன் டீச்சர் இத்தனை நாள்?” என்று நான்காம் படிவ மாணவி ஒருத்தி வகுப்பில் கேட்டாள். தார் ஊற்றுவதுதான் வேலை என்றால் சில வாரங்களில் முடிந்துவிடும். நாளை விழுங்குவது தாரன்று, அதற்குக் கீழே இருக்கும் மண்.

பழைய சாலை நிற்கும் மண்மேடு லோரிகளின் எடையைத் தாங்கித் தாங்கி, அமுங்க வேண்டிய அளவுக்கு அமுங்கிவிட்டது. அதன் பக்கத்தில் இன்று கொட்டும் மண் இனிமேல்தான் அமுங்கும். பழையது அசையாமல் நிற்க, புதியது மட்டும் சில சென்டிமீட்டர் இறங்கினால் என்ன ஆகும்? இரண்டும் சேரும் இடத்தில் நீளமாக ஒரு விரிசல், அதையொட்டி ஒரு பள்ளம். மழை பெய்தால் தண்ணீர் நிற்கும் இடமும் அதுதான். கார் அதன் மேல் குலுங்கிக்கொண்டு போய்விடும். இரண்டே சக்கரத்தில் போகும் மோட்டார் சைக்கிளோட்டிக்கு அந்த விரிசல் ஒரு தண்டவாளம் மாதிரி. சக்கரத்தைத் தன் போக்கில் இழுக்கும்.

அதனால்தான் பழைய மேட்டின் சரிவைப் படிக்கட்டுபோல வெட்டி, புது மண்ணை அந்தப் படிகளில் அடுக்கடுக்காகப் போட்டு உருளை இயந்திரத்தால் இறுக்குகிறார்கள். நிலம் மென்மையான களிமண்ணாக இருந்தால் சாலைக்குத் தேவையானதைவிட உயரமாக மண்ணைக் குவித்து, அந்தப் பாரத்தால் அடியில் உள்ள நீர் மெல்லக் கசிந்து வெளியேறும்வரை மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும். ஆள் நடமாட்டமே இல்லாமல் கிடக்கும் ஒரு மண்மேட்டைப் பார்த்து “வேலையே நடக்கவில்லை” என்று நாம் சொல்கிறோம். அங்கே புவியீர்ப்பு வேலை செய்துகொண்டிருக்கக்கூடும்!

சரி, தடம் கூடிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பாதுகாப்பும் கூடிவிடுமா? ஓரளவு கூடும். மெதுவாகப் போகும் லோரிக்குப் பின்னால் பத்துக் கார்கள் ஒட்டிக்கொண்டு வரும் நிலை குறையும். ஆனால் நெரிசல் குறைந்தால் வேகம் ஏறும் என்பதும் உண்மை. வேகத்தின் கணக்கு நாம் நினைப்பதைவிடக் கொடுமையானது.

மணிக்கு 110 கிலோமீட்டர் என்பது நொடிக்கு ஏறத்தாழ 30.6 மீட்டர். ஆபத்தைக் கண்டு பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை நொடி ஆகிறது என்றால், அதற்குள்ளேயே 46 மீட்டர் போய்விடும். அதன் பிறகு, உலர்ந்த சாலையில் உராய்வுக் கெழு 0.7 என்று கொண்டால், நிற்க இன்னும் 68 மீட்டர் வேண்டும். மழையில் அது 0.4 ஆகக் குறைந்தால் 119 மீட்டர். மொத்தம் 165 மீட்டர். காற்பந்துத் திடல் ஒன்றரைக்கும் மேல்!

வேலை நடக்கும் இடங்களில் வேக வரம்பைக் குறைப்பது ஏன் என்பதும் இதே கணக்கில் இருக்கிறது. இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 110இலிருந்து 80க்கு இறங்கினால் வேகம் கால் பங்குதான் குறைகிறது, ஆற்றலோ கிட்டத்தட்டப் பாதியாகிவிடுகிறது. 110இல் மோதுவது 16 மாடி உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். கண்ணாடிக்கு வெளியே வயல்வெளி ஓடிக்கொண்டிருப்பதால் அது நமக்கு உறைப்பதில்லை.

இந்த ஆற்றலை எங்கே கொண்டுபோய்ச் செலவழிப்பது என்பதுதான் சாலைப் பாதுகாப்புப் பொறியியலின் தலையாய கேள்வி. மலாய்ப் பாடநூலில் ‘டாயா இம்புல்ஸ்’ என்று படிப்பீர்களே, அதுதான் இங்கே கை கொடுக்கிறது. மோதி நிற்கும் நேரம் 0.1 நொடியிலிருந்து 0.5 நொடியாக நீண்டால் விசை ஐந்தில் ஒரு பங்காகும். சாலையோர இரும்புத் தடுப்பு வளைந்து நெளிவது பலவீனத்தால் அல்ல, நேரத்தை நீட்டுவதற்காக. வேலை நடக்கும் இடத்தில் வைக்கும் பிளாஸ்டிக் தடுப்புகளில் நீரை நிரப்புவதும் மோதலின் வேகத்தை வாங்கிக்கொள்ளத்தான். நீரில்லாத காலித் தடுப்பு வெறும் அலங்காரம்.

இரும்புத் தடுப்பில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக, வாகனம் போகும் திசைக்கேற்ப, மீன் செதில்போல அடுக்கியிருப்பார்கள். உரசும் வாகனம் வழுக்கிக்கொண்டு போக வேண்டும், தகட்டின் நுனியில் மாட்டக்கூடாது என்பதற்காக. அந்தத் தகடுகளைப் பிடித்திருப்பவை சில போல்ட்டுகள்தாம்.

போல்ட் என்ன பெரிய விஷயமா என்று நினைக்காதீர்கள். 2025 ஜூன் 9ஆம் தேதி கெரிக் அருகே கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் பேருந்து கவிழ்ந்து, சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழக மாணவர்கள் 15 பேர் உயிரிழந்தார்கள். உங்களைவிடச் சில வயதே மூத்தவர்கள். பேருந்து வேகத்தில் கட்டுப்பாட்டை இழந்தது. ஆனால் சரியாகப் பிணைக்கப்படாத தடுப்புத் தகடு பேருந்துக்குள் புகுந்து உயிரிழப்பை மோசமாக்கியதை விசாரணைக் குழு சுட்டிக்காட்டியது. தாங்கிப் பிடிக்க வேண்டிய இரும்பே ஈட்டியாகிவிட்டது. புதுத் தடங்களுக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பகுதி பழைய போல்ட்டுகளைச் சோதிக்கவும் போகவேண்டும் என்பது என் எண்ணம். அதற்குத் திறப்பு விழா நடத்த முடியாது, அவ்வளவுதான்.

இதிலெல்லாம் விடுபட்டுப்போகிறவர்கள் மோட்டார் சைக்கிளோட்டிகள். நம் நாட்டில் சாலை விபத்தில் இறப்பவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் அவர்களே. தெப்ராவில் விடியுமுன் எழுந்து மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் அப்பாவோ அண்ணனோ உங்கள் வீட்டிலேயே இருக்கலாம். காரைத் தாங்கும் அதே தடுப்பின் தூண், சறுக்கி விழுந்தவரின் உடலுக்குக் கத்தி போன்றது. அவர்களுக்குச் சிறந்த தடுப்பு, தனித் தடம்தான். கோலாலம்பூரையும் கிள்ளானையும் இணைக்கும் கூட்டரசு நெடுஞ்சாலையில் 1970களிலேயே மோட்டார் சைக்கிளுக்கென்று தனித் தடம் போடத் தொடங்கினார்கள். உலகில் இதற்கு அது முன்னோடி. பின்னர் அந்தத் தடம் நீட்டிக்கப்பட்டபோது, மோட்டார் சைக்கிள் விபத்துகள் 39 விழுக்காடு குறைந்ததை ராடின் உமாரின் ஆய்வு காட்டியது.

அடுத்த பள்ளி விடுமுறையில் செனாயைக் கடந்து வடக்கே போகும்போது, பின்னிருக்கையில் கைப்பேசியைச் சற்று ஓரம் வைத்துவிட்டு வெளியே பாருங்கள். தடுப்புத் தகடுகள் எந்தத் திசையில் அடுக்கப்பட்டிருக்கின்றன? தடுப்பின் முனை எப்படி முடிகிறது? மழை பெய்தால் இன்னும் நல்லது. பழைய தாரும் புதிய தாரும் சேரும் கோட்டில் தண்ணீர் தேங்குகிறதா, ஓடுகிறதா என்று கவனித்து, நோட்டில் குறித்து வாருங்கள். வகுப்பில் பேசுவோம்.